ஏழாவது நகர்த்தலில் போன ராணி

கிராண்ட்மாஸ்டர்மார் ஆட்டம் தொடங்கிப் பத்து நகர்த்தலுக்குள் விடுகிற பிழைகளைச் சேர்த்து வைப்பது என் பொழுதுபோக்கு. சிலர் முத்திரை சேர்க்கிறார்கள். சிலர் விட்டுப்போன காதலியின் படங்களை அழிக்காமல் வைத்திருக்கிறார்கள். எனக்கு இது. கம்பஸில் இருந்த காலத்தில், பரீட்சைக்கு முதல்நாள் படிக்காமல் இருக்க ஒரு சாட்டுத் தேடியபோது தொடங்கியது. இப்போது என் போனில் பாதி இடம் இதற்குத்தான்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல பகிடி. உலகத்திலேயே சதுரங்கத்தைக் கரைத்துக் குடித்த ஓரிரண்டாயிரம் பேரில் ஒருவர், கோட்டும் சூட்டுமாக இருப்பார். முன்னால் தண்ணீர்ப் போத்தல், பக்கத்தில் கமரா. ஆறாவது நகர்த்தலில் ஒரு குதிரையைச் சும்மா தூக்கிக் கொடுப்பார். கொடுத்துவிட்டு, ஏதோ பெரிய காரியம் செய்த மாதிரி எழுந்து தேநீர் எடுக்கப் போவார். திரும்பி வந்து பலகையைப் பார்க்கிறபோது ஒரு முகம் வரும். அந்த முகத்துக்காகத்தான் நான் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது.

தெரியாமல் விடுகிறவன் நான். அவர்கள் தெரிந்ததாலேயே விடுகிறார்கள். தொடக்கத்து நகர்த்தல்களை வீட்டில் கணினியோடு இருந்து பாடமாக்கி வைத்திருப்பார்கள். மேசைக்கு வந்ததும் எட்டாவதாக வைக்க வேண்டியதை ஏழாவதாக வைத்துவிடுவார்கள். அல்லது, எதிராளி வழக்கமாக வைக்கிற இடத்தில்தான் வைத்திருப்பான் என்று நினைத்து, அவன் வைத்ததைப் பார்க்காமலே பதில் வைப்பார்கள். பரந்தனிலிருந்து கிளிநொச்சிக்கு ஒவ்வொரு நாளும் மோட்டார் சைக்கிளில் வந்துபோகிறவனைக் கேட்டுப் பாருங்கள், அவன் றோட்டைப் பார்ப்பதே இல்லை. றோட்டு அவனுக்கு மனப்பாடம். நேற்று இல்லாத மாடு இன்றைக்கு நடுவில் படுத்திருக்கும், அவ்வளவுதான். நான் அப்படி ஒருமுறை மாட்டோடு மோதி முழங்கை கிழிந்து கிடந்தவன். அப்போதுகூட எனக்கு அந்தப் பெரிய ஆட்களில் இரக்கம் வரவில்லை.

இரக்கம் வந்தது போன வருடம், என் மச்சாளுக்கு எதிரே ஒருவர் ராணியை விட்டபோதுதான்.

மச்சாள் என்றால் மாமாவின் மகள். என்னைவிட ஒரு வயது மூப்பு. ஆனால் அவள் நடக்கிற நடையைப் பார்த்தால் பத்து வயது மூப்பு என்று நினைப்பீர்கள். முரசுமோட்டையில் வீடு. வவுனியாவில் பட்டம் முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டுக் களைத்திருந்தாள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து மாவட்டத்துக்கு விளையாடுகிறவள். அவளோடு நான் எத்தனை தரம் விளையாடினேன் என்று நினைவில்லை. வென்றதில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

கிளிநொச்சியில் ஒரு ரியூட்டரி, பள்ளிக்கூடம் விட்டபிறகு பிள்ளைகள் காசு கட்டிப் படிக்கிற இடம். அதை நடத்துகிற சேர் கணக்குப் பாடத்தில் பெயர் எடுத்தவர். அவருக்குத் திடீரென்று சதுரங்க வகுப்பு ஒன்று தொடங்க வேண்டும் என்று யோசனை வந்தது. பிள்ளைகள் மெடலோடு படம் எடுத்தால் அதை நோட்டீஸில் போடலாம் என்பது அவர் கணக்கு. ஆசிரியரைத் தெரிவு செய்யவும் ஒரு கணக்கு வைத்திருந்தார். தமிழ்நாட்டிலிருந்து ஒரு கிராண்ட்மாஸ்டர் கொழும்புக்கு ஏதோ போட்டிக்கு வந்திருந்தார். யாரையோ பிடித்து அவரை ஒருநாள் கிளிநொச்சிக்கு வரச் சம்மதிக்க வைத்தார். இருபது பேர் வரிசையாக இருப்பார்கள். அவர் ஒருவர் நடந்து நடந்து இருபது பேரோடும் ஒரே நேரத்தில் விளையாடுவார். இருபதில் யார் அவரிடம் தோற்காமல் எழும்புகிறாரோ அவருக்கு வகுப்பு.

மச்சாளுக்கு இது விளையாட்டு இல்லை. கொழும்பில் எங்கள் உறவினர் ஒருவருக்கு ஹாட்வெயார் கடை இருந்தது. கணக்கு எழுத ஆள் தேவை என்று மாமாவிடம் சொல்லியிருந்தார். மாமாவும் இந்த மாதத்துக்குள் இங்கே ஒன்றும் சரிவராவிட்டால் நீ அங்கே போ என்று முடிவாகச் சொல்லிவிட்டார். ஆணியும் பெயின்ற் வாளியும் எண்ணுகிற வேலை. அவள் அதைப்பற்றிக் கதைக்கவே மாட்டாள். ஆனால் அந்தக் கிழமை முழுக்கச் சாப்பிடும்போதும் ஒரு கையில் சிப்பாயை வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

முரசுமோட்டை வாசிகசாலையைப்பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கேதான் அவள் விளையாடிப் பழகினாள். பின்னேரம் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வருகிற ஆட்கள், கால் சேற்றை வாசலில் தேய்த்துவிட்டு வந்து பலகைக்கு முன்னால் குந்துவார்கள். அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. முதல் பத்து நகர்த்தலுக்குள் யாராவது ஒரு காயைச் சும்மா விட்டால், எதிரே இருப்பவர் அதை எடுக்கமாட்டார். “பாருங்கோ” என்பார். விட்டவர் பார்ப்பார், நெற்றியில் தட்டுவார், காயைத் திருப்பி வைப்பார். பதினோராவதிலிருந்து இரக்கம் கிடையாது, அண்ணன் தம்பியாக இருந்தாலும் அடிதான். சொல்லாமல் எடுக்கிறவரை யாரும் ஏசுவதில்லை. ஆனால் அடுத்தநாள் அவருக்கு எதிரே இருக்க ஆள் வராது.

இந்த வழக்கத்துக்கு ஆளுக்கொரு விளக்கம். ஆட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்தால் சுற்றி நிற்கிற சனத்துக்கு என்ன லாபம் என்பது மச்சாளின் விளக்கம். மாமா வேறு விதமாகச் சொல்வார். வயலிலிருந்து வருகிறவனுக்கு உடம்பு மட்டும்தான் வந்திருக்கும், தலை இன்னும் வாய்க்கால் கரையில் நிற்கும், ஆள் முழுக்க வந்துசேரப் பத்து நகர்த்தல் வேண்டும் என்பார். உலகத்தில் எந்தச் சதுரங்கச் சட்டத்திலும் இப்படி ஒன்று இல்லை என்று நான் போனைக் காட்டி வாதாடியிருக்கிறேன். அவர்கள் உலகத்தை அவ்வளவாகக் கணக்கில் எடுக்கவில்லை.

வெளியே போட்டிகளில் மச்சாள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அங்கே மணிக்கூடு ஓடும், நடுவர் நிற்பார். தொட்ட காயை நகர்த்த வேண்டும். அவளுக்கு இரண்டு உலகத்துச் சட்டமும் தெரியும், குழப்பிக்கொள்ள மாட்டாள். அப்படித்தான் நான் நினைத்தேன்.

அன்றைக்கு ரியூட்டரியின் மேல்மாடியில் மேசைகளைப் ‘ப’ எழுத்து வடிவத்தில் போட்டிருந்தார்கள். நானும் பெயர் கொடுத்திருந்தேன். வெல்லுகிற நோக்கம் ஒன்றும் இல்லை, ஒரு கிராண்ட்மாஸ்டர் பக்கத்தில் நின்று எப்படி மூச்சு விடுகிறார் என்று பார்க்கிற ஆசை. மச்சாளுக்குப் பக்கத்துக் கதிரை எனக்குக் கிடைத்தது.

கிராண்ட்மாஸ்டருக்கு முப்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். விடியப்புறம் கொழும்பில் ரயில் ஏறி வந்திருந்தார். வந்த மனிசனை ஒரு மணித்தியாலம் படுக்க விட்டிருக்கலாம். எங்கள் சேர் விடுவாரா? முல்லைத்தீவிலிருந்து இறால் எடுப்பித்து, நண்டுக்கறியும் வைத்து, சாப்பாட்டுக் கோப்பையில் சோறு முடிய முடியப் போட்டுக்கொண்டே இருந்தாராம். போதும் போதும் என்று அவர் இரண்டு கையையும் கோப்பைக்கு மேல் விரித்ததாகப் பரிமாறியவர்கள் சொன்னார்கள். வயிறு நிறைய முல்லைத்தீவை ஏற்றிக்கொண்டு, மின்விசிறி ஒழுங்காகச் சுற்றாத அந்த மண்டபத்துக்குள் அவர் வந்தபோது கண் இரண்டும் சிறுத்துப் போயிருந்தது. ஆனாலும் இருபது பேருக்கும் கைகொடுத்துப் பெயர் கேட்டார்.

ஆட்டம் தொடங்கியது. அவர் வெள்ளை. நாங்கள் எல்லாரும் கறுப்பு. அவர் ஒவ்வொரு மேசைக்கும் வருவார். வந்ததும் நாங்கள் எங்கள் நகர்த்தலை வைக்க வேண்டும், அவர் பதில் வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போவார். அவர் ஒரு சுற்றுச் சுற்றி வரும்வரை நாங்கள் யோசிக்கலாம். முதல் சுற்றுகளில் அவர் நிற்பதே இல்லை. நடந்தபடியே கை போகும், காய் நகரும். பஸ்ஸில் கொண்டக்டர் ரிக்கற் கிழிக்கிற வேகம்.

மச்சாள், அவர் வந்ததும், ஆறாவது நகர்த்தலுக்கு மந்திரியைக் குறுக்கே ஓடவிட்டாள். மந்திரி என்றால் சாய்வாகப் போகிற காய். அந்த வகைத் தொடக்கத்தில் எல்லாரும் அந்த மந்திரியை ஓர் இடத்தில் நிறுத்துவார்கள். அவள் ஒரு கட்டம் தள்ளி நிறுத்தினாள். அப்படி நிறுத்தினால், அது நேரே வெள்ளை ராணியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நடுவில் மறைத்துக்கொண்டு அவருடைய குதிரை ஒன்று மட்டும். அந்தக் குதிரை அசையக்கூடாது.

கிராண்ட்மாஸ்டரின் நடை நிற்கவில்லை. பலகையைப் பார்த்தார் என்று சத்தியம் செய்வேன், கண் அந்தப் பக்கம்தான் இருந்தது. குதிரையைத் தூக்கி நடுவே வைத்தார். திரும்பினார்.

நான் என் பலகையை மறந்தேன். மறைத்துக்கொண்டிருந்த குதிரை போய்விட்டது. மந்திரிக்கும் ராணிக்கும் நடுவில் ஒரு தூசி இல்லை.

“பாருங்கோ,” என்றாள் மச்சாள்.

அது அவள் யோசித்துச் சொன்னது இல்லை. தும்மல் வருகிற மாதிரி வந்தது. மணிக்கூடு இல்லாத மேசை, பிளாஸ்ரிக் கதிரை, சுற்றிவர நின்று பார்க்கிற சனம், எதிரே களைத்துப்போய் வந்த ஓர் ஆள். அவளுடைய வாய் அவளுக்கு முன்னாலேயே முரசுமோட்டைக்குப் போய்விட்டது.

அவர் என் மேசைக்கு வரக் கால் எடுத்தவர் நின்றார். “என்னங்க?” என்று கேட்டார். பிறகு பலகையைப் பார்த்தார். நான் போனில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிற அந்த முகம் இப்போது எனக்கு இரண்டடி தூரத்தில் இருந்தது. வீடியோவில் நான் கவனிக்காத ஒன்றை அன்றைக்குக் கண்டேன். காது சிவந்துவிடும். முதலில் நுனி, பிறகு முழுக்காதும். மனிசனுக்கு அடித்த மாதிரி இருந்திருக்க வேண்டும்.

“திருப்பி வையுங்கோ சேர்,” என்றாள் அவள் மெதுவாக. “நாங்கள் பத்துக்குள்ளை எடுக்கிறேல்லை.”

அவர் சிரிக்கப் பார்த்தார். “இல்லைங்க, நான் வச்சுட்டேன். எடுத்துக்கங்க,” என்றார். சொல்லிவிட்டு என் மேசைக்கு வந்தார். நான் என்ன வைத்தேனோ, அவர் என்ன வைத்தாரோ, எனக்குத் தெரியாது.

ஒரு சுற்று. அவர் திரும்பி வருவதற்குள் அவள் முடிவெடுக்க வேண்டும்.

முதலில் வந்தது எங்கள் ரியூட்டரி சேர்தான். பின்னால் வந்து குனிந்து, பிள்ளை, ஏன் சொல்லிக் குடுத்தனீங்கள் என்று பல்லைக் கடித்தபடி கேட்டார். அவர் போனதும் நான் தொடங்கினேன். எடு மச்சாள், விசர் வேலை பார்க்காதே, என் போனில் எத்தனை பேர் இருக்கிறார்கள் தெரியுமா, எதிரே இருந்தவன் ஒருத்தனாவது திருப்பிக் கொடுத்தானா, ஒவ்வொருத்தனும் எடுத்தான், எடுத்துப்போட்டுச் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டான், அவ்வளவுதான் என்று காதுக்குள் ஓதினேன். ஹாட்வெயார் கடையையும் ஞாபகப்படுத்தினேன். அது கொஞ்சம் அதிகம்தான்.

“அவர் மரியாதைக்கு எடு எண்டு சொல்லுறார்ரா,” என்றாள். “வாசிகசாலையிலை எத்தினை பேர் அப்பிடிச் சொல்லுவினம். அதுக்காக எடுக்கிறதே?”

“அவர் முரசுமோட்டைக்காரனோ?” என்றேன். “நீ திருப்பி வையுங்கோ எண்டு நிண்டால் அது அவருக்குத்தான் வெக்கக்கேடு. இவ்வளவு சனத்துக்கு முன்னாலை ஒரு பெட்டையிட்டை இரக்கம் வாங்கினவர் எண்டு கதை போகும்.”

இதை நான் ராணியை எடுக்க வைக்கிறதற்காக அவிழ்த்துவிட்டேன். ஆனால் சொல்லி முடிந்ததும் அது உண்மைதான் என்று பட்டது. அவளுக்கும் பட்டிருக்கும். மந்திரியைப் பார்த்தபடியே இருந்தாள். பக்கத்து மேசைகளில் காய் வைக்கிற சத்தம் கிட்டக் கிட்ட வந்தது.

அவர் வந்து நின்றதும் அவள் எழுந்து நின்றாள். யாரும் எழுந்து நிற்கவில்லை, அவள் மட்டும்.

“சேர், நீங்கள் திருப்பி வைக்க மாட்டியள் எண்டா நான் எடுக்கிறன். ஆனா களைப்பிலை விட்டதெண்டு எனக்குத் தெரியும்.”

“எடுங்க,” என்றார் அவர். இந்தமுறை சிரிப்பு சரியாக வந்தது. “ஆனா ஒண்ணு, இன்னும் முடியலை.”

மந்திரியால் ராணியை எடுத்தாள். அவர் அந்த மந்திரியைக் கோட்டையால் எடுத்தார். ராணிக்கு ஒரு மந்திரி. ஊர்க்கணக்கில் ஆட்டம் முடிந்துவிட்டது. சேர் முகம் மலர்ந்து, யாருக்கோ போனில் சொல்லப் போய்விட்டார். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் வேறு மேசைக்கு நகர்ந்தார்கள்.

நகராமல் நின்றவர்கள்தான் கெட்டிக்காரர்.

ராணி போன பிறகு அந்த மனிசன் வேறு ஆள். கைமணிக்கூட்டைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் போட்டார். மற்ற மேசைகளில் முன்போல நடந்தபடியே வைத்தார், அவளுடைய மேசையில் மட்டும் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து நின்றார். அவரிடம் மிச்சம் இருந்த ஒவ்வொரு காயும் பக்கத்துக் காயைப் பிடித்துக்கொண்டு நின்றது. மச்சாளின் ராணிக்குப் போக இடமில்லை. பெரிய வீட்டில் எல்லா அறையும் பூட்டிக் கிடக்க, விறாந்தையில் சுற்றுகிற விருந்தாளி மாதிரி அங்கும் இங்கும் போய் வந்தது. அவளுடைய மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. ஒருமுறை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோட்டையின் மேல் விரலைக் கொண்டுபோய், தொடாமல் இழுத்தாள்.

நான் தேநீர் வருவதற்கு முதலே தோற்றுவிட்டேன். கவலையே இல்லை, எழுந்து அவளுக்குப் பின்னால் நின்றேன். மேசைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. அவளுக்கு அடுத்தபடி நம்பிக்கையாக இருந்தவர் வங்கியில் வேலை செய்கிற ஓர் அண்ணை. அவரும் கைகொடுத்துவிட்டு எழுந்தார். கடைசியில் ஒரு மேசைதான் மிச்சம்.

“உக்காரலாமா?” என்று கேட்டார் கிராண்ட்மாஸ்டர்.

அவள் தலையாட்டினாள். அவர் ஒரு கதிரையை இழுத்து எதிரே இருந்தார். இனிச் சுற்று இல்லை, யோசிக்க அவகாசம் இல்லை. அவர் உடனே உடனே வைப்பார், அவளும் வைக்க வேண்டும். மின்விசிறியின் கடகட சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது அவள் செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. தன் ராணியைக் கொண்டுபோய் அவருடைய கோட்டையை எடுத்தாள். அவர் ராணியை எடுத்துக்கொண்டார். ஏழாவது நகர்த்தலில் வந்த சொத்தை அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்று பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். இப்போது அவளிடம் ஒரு கோட்டை கூட, அவரிடம் ஒரு மந்திரி கூட. கோட்டை கொஞ்சம் பெரிசு. கொஞ்சம்தான். ஆனால் பூட்டிக் கிடந்த வீடு திறந்துவிட்டது. அந்தக் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு சிப்பாயை ஒவ்வொரு கட்டமாக நடத்திக்கொண்டு போனாள். அவர் எல்லா வழியிலும் மறித்துப் பார்த்தார். வெளியே வெயில் இறங்கிவிட்டது. யாரோ லைற்றைப் போட்டார்கள்.

கிராண்ட்மாஸ்டர் கையை நீட்டினார். இருபதில் அவர் தோற்ற ஒரே ஆட்டம்.

சனம் கைதட்டியது. தேநீரும் ரோல்ஸும் வந்தன. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற பிறவி இல்லையே, அவரிடம் போய் என் சேகரிப்பைக் காட்டினேன். இப்படிப் பெரிய ஆட்கள் ஏன் விடுகிறார்கள் என்று கேட்டேன். அவர் ரோல்ஸை வைத்துவிட்டு ஒன்றிரண்டைத் தள்ளிப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“அந்தக் குதிரையை அங்க நான் எத்தனை ஆயிரம் தடவை வச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது,” என்றார். “கண்ணு பாக்கறதுக்கு முன்னாடி கை போயிடும். அப்புறம் ராத்திரி தூங்க முடியாது. பத்து வருஷம் கழிச்சும் பல்லு விளக்கும்போது ஞாபகம் வரும்.” போனைத் திருப்பித் தந்தபடி, “இதுல நானும் இருக்கேனா?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். உண்மைதான், இருக்கவில்லை.

“இன்னிக்கு ஆடினதைச் சேத்துக்கோங்க. பேரு மட்டும் வேண்டாம்.”

போடவில்லை. இங்கேயும் அவர் பெயரைப் போடவில்லை. அன்று இரவு அந்தச் சேகரிப்பைத் திறந்தபோது எல்லா முகத்திலும் நான் காதைத்தான் பார்த்தேன். ஒன்றிரண்டு பேருக்கு நன்றாகவே சிவந்திருந்தது. இவ்வளவு காலமும் எனக்கு அது தெரியவே இல்லை.

மச்சாளின் கதை அதற்குள் முடியவில்லை. கிராண்ட்மாஸ்டரை ரயிலுக்கு ஏற்றப் புறப்பட முதல், சேர் அவளை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். நானும் கூப்பிடாமலே கூடப் போனேன். வாழ்த்துச் சொன்னார், கதிரை காட்டினார். பிறகு மேசையில் பேனையைத் தட்டிக்கொண்டு இருந்தார். அவருக்கு ஒரு மனக்குறை. போட்டியில் எதிராளிக்குப் பிழையைக் காட்டிக் கொடுக்கிற ஆளை நம்பி எப்படி மெடல் எடுக்கிறது என்று யோசிக்கிறாராம். தாய்தகப்பன்மார் கேட்பார்களாம். அதோடு, அவர் ராணியை விட்டபடியால்தானே இந்த வெற்றி என்றும் ஒரு வார்த்தை போட்டார்.

எனக்குக் கொதித்தது. நீங்கள் போட்ட நண்டுக்கறிக்கும் அந்த ராணியில் பங்கு இருக்கிறது சேர் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மச்சாள் என் காலை மிதித்தாள்.

“தோக்காமல் எழும்பிற ஆளுக்கு வகுப்பெண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள் சேர்,” என்றாள். “நான் அவருக்குச் சொன்னனான், அவர் எடு எண்டார், எடுத்தனான். அதுக்குப் பிறகு அவர் ஒண்டும் விடேல்லை.”

சேர் பேனையைத் தட்டுவதை நிறுத்தவில்லை.

“மெடல் எடுக்கிற பெரிய பிள்ளையளை நீங்கள் விரும்பின ஆளிட்டைக் குடுங்கோ. எனக்குச் சின்னாக்களைத் தாங்கோ. மூண்டாம் நாலாம் வகுப்புப் பிள்ளையள். அதுகள் எல்லாம் பத்துக்குள்ளை ராணியைக் குடுத்துப்போட்டு அழுகிறதுகள். உங்கட வங்கி அண்ணைக்கு அதுகளோடை இருக்கப் பொறுமை வராது.”

அவருக்கு அது கணக்காகப் பட்டிருக்க வேண்டும். சின்னப்பிள்ளைகளை வைத்திருக்க வேறு யாரும் கேட்டிருக்கவில்லை. ஒரு மாதம் பார்ப்போம் என்றார். பிள்ளைகள் நின்றுபோகாவிட்டால் தொடரலாம். சனிக்கிழமை காலை.

மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். முழு வகுப்புக்கும் உரிமை இருக்கிறது, ஏன் பாதியை வாங்கிக்கொண்டு வந்தாய், ஒரு மாதமாம், அவர் யார் உனக்குப் பரீட்சை வைக்க என்று. வீட்டுக்கு வந்து மாமாவிடம் அவள் வேலை கிடைத்தது என்று மட்டும் சொன்னாள். பாதி என்று சொல்லவில்லை, ஒரு மாதம் என்றும் சொல்லவில்லை. கொழும்புக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கோ, வேறை ஆளைப் பாக்கச் சொல்லி என்றாள்.

முதல் சனிக்கிழமை நான்தான் கொண்டுபோய் இறக்கினேன். இறக்கிவிட்டுப் போகாமல் யன்னலுக்குப் பக்கத்தில் நின்றேன். நிறையப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். சிலருக்குக் கால் நிலத்தில் முட்டவில்லை. பலகைகளை விரித்துக் காய்களை அடுக்கச் சொன்னாள். அடுக்கி முடிந்ததும் ஒரு சொப்பிங் பையை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போய் எல்லா ராணிகளையும் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். கறுப்பு, வெள்ளை எல்லாம். வகுப்பில் ஒரே சலசலப்பு. ராணி இல்லாமல் என்னெண்டு மிஸ் விளையாடுறது என்று ஒரு பெடியன் அழாக்குறையாகக் கேட்டான்.

ராணி இல்லாமல் ஒருவர் என்னை எப்படி அரை நாள் வாட்டி எடுத்தார் தெரியுமோ என்று அந்த ஆட்டத்தை அவர்களுக்குச் சொன்னாள். கோட்டையும் மந்திரியும் சிப்பாயும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்ற கதையை, பலகையில் வைத்து வைத்துக் காட்டினாள். பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள்.

முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு குட்டி மட்டும் தன்னுடைய ராணியைக் கொடுக்காமல் கைக்குள் பொத்தி வைத்திருந்தாள். மச்சாள் அவளுக்கு முன்னால் குந்தி இருந்து கையை நீட்டினாள். குட்டி பொத்திய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“திருப்பி எப்ப தருவீங்கள்?”

“அடுத்த மாசம்,” என்றாள் மச்சாள். “அதுவரைக்கும் நீங்கள் எல்லாரும் ஒவ்வொரு சனியும் வந்தா, நானும் இருப்பன். ராணியும் வருவா.”